ஒரே மட்டத்தில் ஓர் அடுப்பு!

சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? ஓடு என்ன நிறம், ஷட்டர் என்ன நிறம் என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் அடுப்பைக் கல்லுக்குள் இறக்குங்கள்! எங்கள் வீட்டில் இறக்கிவிட்டோம். அந்த மேடையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகிறது.

மேடைக் கல்லில் துவாரம் வெட்டிப் பொருத்தும் கண்ணாடி அடுப்பான ஹாப் பலர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதன் கண்ணாடி கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த விளிம்பை ஒட்டித்தான் கடுகும் எண்ணெயும் சாம்பாரும் சேரும். எங்களுடையதில் விளிம்பே இல்லை. கல்லும் கண்ணாடியும் ஒரே மட்டம். பர்னரும் பாத்திரம் தாங்கும் கம்பிகளும் மட்டும்தான் மேலே நிற்கின்றன. பால் பொங்கினாலும் கவலையில்லை, ஈரத்துணியால் ஒரே இழுப்பு!

இந்த அழகுக்குப் பின்னால் இருக்கும் கைவேலைதான் என்னைச் சொக்கவைத்தது. கண்ணாடியின் கனம் 8 மி.மீ. என்றால், கல்லில் துவாரத்தைச் சுற்றி அதே ஆழத்துக்கு ஒரு படி செதுக்க வேண்டும். கிரானைட்டின் மொத்தக் கனமே 18, 20 மி.மீ.தான். பாதியளவு செதுக்கியபின் மிஞ்சுகிற கல் அடுப்பின் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதால், அடியில் இரும்பு ஆங்கிள் கொடுத்தார் மேஸ்திரி. துவாரத்தின் மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டினார். கூர்மூலையிலிருந்துதான் கல் விரிசல் விடுமாம். ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை இறக்கினார். சுற்றிலும் நூலிழை இடைவெளி விட்டு, சூடு தாங்கும் சிலிகான் பூசினார். பின்னாளில் பழுது பார்க்கவேண்டி வந்தால் அதைக் கீறி எடுத்து அடுப்பைத் தூக்கிவிடலாம்.

கார்பென்டரும் சளைத்தவரில்லை. மேலே 90 செ.மீ. சிம்னி, கீழே 90 செ.மீ. டிராயர், இரண்டுக்கும் நட்டநடுவில் ஹாப்! டிராயரின் முகப்பு பக்கத்து ஷட்டர்களோடு ஒரே கோட்டில் நிற்கிறது. ஹாப்புக்கும் டிராயருக்கும் நடுவே காற்றோட இடம் விட்டார். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அடிப்பலகையிலும் துளைத்தட்டி வைத்தார். கேஸ் வால்வு பக்கத்து ஷட்டரைத் திறந்ததும் கைக்கெட்டும்.

சமைக்கிற சுகமோ தனி! மேடைமேல் நின்ற அடுப்பு கல்லுக்குள் இறங்கியதால் பாத்திரமும் இறங்கியது. உயரம் குறைந்த என் அம்மா இப்போது குக்கருக்குள் எட்டிப் பார்க்க எம்ப வேண்டியதில்லை. அல்வா கிளறும்போது தோள் வலிப்பதில்லை என்கிறார்.

நீங்களும் செய்யுங்கள். ஆனால் வரிசை முக்கியம். கல்லில் இறக்கிப் பொருத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் ஹாப்பாகத் தேர்ந்தெடுங்கள்; எல்லா மாடலும் இதற்குத் தோதாகாது. கல் வெட்டும் முன்பே அதை வாங்கி, அளவுத்தாளோடு மேஸ்திரியின் கையில் கொடுங்கள். கார்பென்டரையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். இரண்டு பேரும் ஒரே கோட்டைப் பார்த்து வேலை செய்தால், ஆயுசுக்கும் அலுக்காத சமையல் மேடை உங்களுக்கும் கிடைக்கும்!