1612: ஒரு காத்தி பொன்

நம்ம இலக்கியக் கூட்டங்களில் 'செஜாரா மெலாயு' பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் கலிங்க அரசன் கதையில்தான் போய் நிற்கும். அவன் ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையைப் பிடிக்கிறான். சீனாவை நோக்கிக் கிளம்பிய கலிங்கப் படை தெமாசிக்கில் ஏமாற்றப்பட்டுத் திரும்புகிறது. உடனே 1025, ராஜேந்திர சோழன், கடாரம் என்று கைதட்டல். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனா அந்த நூலில் தமிழர்கள் உயிரோடு நடமாடும் பகுதி வேறு. அதை நாம படிக்கிறதே இல்ல.

நூலின் முன்னுரை தரும் ஆண்டு 1612. எழுதும்படி கட்டளை பிறந்தது பாசிர் ராஜாவில். மெர்சிங்கிலிருந்து தெற்கே இறங்கினால் வரும் கோத்தா திங்கி மாவட்டத்தில்தான் ஜொகூரின் அந்தப் பழைய தலைநகர் இருந்தது. எழுதியவர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங். அவர் ஆசிரியரா, பழைய ஏட்டைத் திருத்தியவரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது மலாக்காவின் கடைசி நாட்கள். நைனா சுரா தேவன், ராஜா முதலியார் என்று இரண்டு பெரும் வணிகர்கள். இருவருக்கும் வழக்கு, தீர்க்க வேண்டியவர் பெண்டஹாரா துன் முதாஹிர். விசாரணைக்கு முந்தின இரவு நைனா அவருக்குப் பொன் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நைனாவின் உறவினன் கித்துலுக்கு முதலியாரிடம் ஒரு காத்தி பொன் கடன். அவன் அதே இரவில் முதலியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். 'உங்களைக் கொல்லத்தான் அந்தப் பொன்' என்கிறான். கடன் தள்ளுபடி. பயந்துபோன முதலியார் லக்சமணாவுக்குப் பொன் கொடுக்க, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்ற பொய் சுல்தான் மஹ்மூதின் காதுக்குப் போகிறது. சுல்தானுக்கு அவர்மேல் ஏற்கெனவே மனத்தாங்கல், அவருடைய அழகான மகளைத் தனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டார் என்று. பெண்டஹாரா குடும்பத்தோடு கொல்லப்படுகிறார். அடுத்து 1511, போர்த்துகீசியர்.

எங்க தொழிலில் ஒரு கட்டுமானம் விழுந்தால் முதலில் எந்த போல்ட் விட்டுப்போச்சுன்னு தேடுவோம். இங்கே அது ஒரு காத்தி பொன். 1612-13 குளிர்காலத்தில், லண்டன் அரசவையில் இளவரசி எலிசபெத்தின் திருமணக் கொண்டாட்டத்துக்கு நடித்த நாடகங்களில் 'ஒத்தெல்லோ'வும் ஒன்று. அதில் ஒரு கைக்குட்டை செய்யும் வேலையை இங்கே ஒரு கடன் செய்கிறது. ஆனா கித்துல் அயாகோ இல்லை. அயாகோவின் வெறுப்புக்கு அடி ஆழம் காண முடியாது. கித்துலுக்கு வேண்டியது கடன் தீர்வது மட்டும்தான். எனக்கு இவன்தான் அதிகம் பயம் தருகிறான். இவனை மாதிரி ஆளை நமக்கெல்லாம் தெரியும்.

துன் முதாஹிரும் அந்நியர் அல்ல. கலிங்கத்திலிருந்து வந்த மணி புரிந்தானின் வழியில் பிறந்தவர் என்று நூலே சொல்கிறது. துன் ஸ்ரீ லானாங் வந்ததும் அதே பெண்டஹாரா குலத்தில். தன் முன்னோர் அநியாயமாகச் செத்ததை எழுதும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. சண்டை போடத் துடித்த மகனைத் துன் முதாஹிர் தடுத்துவிடுகிறார்: மன்னனுக்கு எதிராக வாள் எடுப்பது மலாய்க்காரன் வழக்கமில்லையாம். தமிழ் ரத்தம் கலந்த ஒருவர், மலாய்க்காரனாகச் சாகிறார். இதற்குப் பக்கத்தில் வைத்தால் கலிங்கப் படையெடுப்பு வெறும் வீரக்கதை.

1613-இல் அச்சே படை பத்து சாவாரைப் பிடித்தது. துன் ஸ்ரீ லானாங்கையும் கொண்டுபோனது. லண்டனில் குளோப் அரங்கு எரிந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு இடத்திலும் எழுத்து தப்பித்தது.

கோட்டையைப் பிடித்த தமிழன் நமக்குக் கொடுப்பது பெருமிதம். கடன்பட்டவன், பயந்தவன், பொன்னை நீட்டியவன், நீட்டியதை வாங்கியவன், கடைசியில் வாளை எடுக்க மறுத்தவன் – இத்தனை பேரும் நம்மவர்களாக இருக்கும் ஓர் அத்தியாயம் அதைவிடப் பெரிய சொத்து. அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோமே.