கல்லறைகளை மூடியவருக்கு ஒரு கல்லறை

துருக்கிக் குடியரசின் தந்தை கமால் அட்டாடர்க்கைக் கமால் பாட்சா என்ற பழைய பெயராலேயே தமிழர் பலர் அறிவர். அவருடைய அரசு 1925-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. துறவியர் மடங்கள் மூடப்பட்டன. நேர்ச்சையும் நெஞ்சுருக்கமும் நிறைந்து கிடந்த அடக்கத்தலங்கள் பூட்டப்பட்டன. மாண்டவரிடம் உதவி கேட்டு மன்றாடுவது நாகரிகச் சமுதாயத்துக்கு இழுக்கு என்று அவர் இடித்துரைத்தார். அவருக்கே அங்காரா நகரில், குன்றின் உச்சியில், காண்போர் கண் கூசும் கல்லறை! அனித்கபிர் என்பது அதன் பெயர்.

வகுப்பில் அதன் படத்தைக் காட்டினேன். கடைசிப் பலகையில் இருந்த மாணவன் எழுந்தான். "கல்லறைகளை மூடச் சொன்னவருக்கு எதற்கு ஐயா கல்லறை?" என்றான். நல்லவேளை, மணி அடித்தது. என் மானம் தப்பியது. ஆனால் கேள்வி தப்பவில்லை. வீடுவரை என்னோடு நடந்து வந்தது.

1938 நவம்பர் 10-இல் இஸ்தான்புல்லின் டோல்மாபாச்சே அரண்மனையில் அவர் மறைந்தார். உடல் அங்காராவுக்கு வந்தது. அருங்காட்சியகம் ஒன்றில் 15 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 1941-இல், உலகம் போர்த்தீயில் வெந்துகொண்டிருந்த வேளையில், கட்டடத்துக்கான போட்டி அறிவிக்கப்பட்டது. பல நாட்டுக் கலைஞர் கலந்துகொண்டனர். இறுதியில் மூன்று திட்டங்கள் முன் நின்றன: ஒன்று செர்மானியருடையது, ஒன்று இத்தாலியருடையது, மற்றொன்று எமின் ஓனத், ஓர்ஹான் அர்தா என்னும் துருக்கியர் இருவருடையது. அவ்விருவர் திட்டமே தேர்வாயிற்று. 1944-இல் தொடங்கிய வேலை 1953-இல் முடிந்தது. முதல் வரைபடத்தில், மண்டபத்தின் தலைமேல் இன்னொரு மண்டபமும் இருந்தது. பளுவையும் செலவையும் காலத்தையும் கருதி அதை விட்டுவிட்டார்கள். சிக்கனம் கலைக்குக் கேடு என்பார் உண்டு. இங்கே சிக்கனமே கலையைக் காத்தது என்பேன்! சதுரத் தூண்கள் வரிசையாய் நிற்க, குவிமாடமோ கோபுரமுடியோ இன்றி, தட்டையான கூரையோடு நிற்கிறது அம்மண்டபம். தொழுகைக்கூடம் என்று எவரும் மயங்க வழியில்லை.

ஆனால், அங்கே செல்லும் பாதை? அங்குதான் எனக்கு மனத்தாங்கல். 262 மீட்டர் நீளச் சாலை. இருமருங்கும் 24 கற்சிங்கங்கள். எண்ணிக்கை பண்டை ஓகுசுத் துருக்கியரின் 24 குலங்களைக் குறிக்கிறது. சிற்பப் பாணியோ, துருக்கியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே அந்த மண்ணில் ஆண்ட இத்தைத்தியருடையது. மண்ணும் குலமும் ஒருசேர எமக்கே உரியவை என்று கல்லில் எழுதிய உரிமைப் பத்திரம் அது. புதுக்குடியரசு பழம்பெருமையைக் கடன் வாங்குவதும் உலகியல்பே, போகட்டும். என்னைக் குத்துவது சிங்கமன்று, தரை. பாவிய கற்களுக்கு நடுவே 5 செண்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் புல் வளர்த்திருக்கிறார்கள். கால் இடறாதிருக்க வேண்டுமானால் குனிந்து பார்த்தே நடக்கவேண்டும். தலை தானே தாழும்! துருக்கித் தொப்பியைக் களையச் செய்து, தலையை நிமிர்த்தி நடக்கச் சொன்னவர் முன் இப்படி ஒரு தந்திரமா? மரியாதை மனத்தில் ஊற வேண்டியது. கல்தச்சன் கட்டாயப்படுத்தி வாங்கத்தக்கதன்று.

சாலையின் தொடக்கத்தில் இரு சிலைத்தொகுதிகள். ஒருபுறம் மூன்று பெண்கள். ஒருத்தி கையால் முகம் மூடி அழுகிறாள். மறுபுறம் மூன்று ஆண்கள்: போர்வீரன், உழவன், கையில் நூலேந்திய மாணவன். அரசனுமில்லை, குருமாருமில்லை. இந்தத் தேர்வைப் பாராட்டுகிறேன்.

மண்டபத்துள் 40 டன் எடையுள்ள ஒரே சிவப்புப் பளிங்குக்கல். மக்கள் மலர் வைப்பது அங்கே. உடலோ அதனுள் இல்லை. நேர் கீழே, எட்டுக்கோண நிலவறையில், மண்ணுக்குள் இருக்கிறது. சுற்றிலும் நாட்டின் மாநிலங்கள்தோறும் எடுத்துவந்த மண், கலங்களில். மேலே கல்லுக்கு வணக்கம், கீழே மண்ணுக்குள் மனிதர். இந்தப் பிரிவினையைக் கட்டடக்கலைஞர் எக்கருத்தோடு செய்திருப்பினும், அடக்கத்தலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு அது நல்லதொரு தடை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். மண்டப முகப்பின் ஒரு பக்கத்தில் இளைஞர்க்கு அவர் விடுத்த உரையும், மறுபக்கத்தில் குடியரசின் பத்தாம் ஆண்டுப் பேச்சும் பொறிக்கப்பட்டிருப்பதைச் சொன்னேன். அவை 1928-இல் அவரே கரும்பலகை முன் நின்று மக்களுக்குக் கற்பித்த புதிய எழுத்துகள். அவ்வாண்டே தலைமையாசிரியர் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. பள்ளிச் சிறுவனும் அந்தச் சுவரைத் தானே படித்துவிடலாம். விளக்கிச் சொல்ல இடைத்தரகர் வேண்டா.

அவன் சற்று நேரம் சும்மா இருந்தான். "அப்படியானால் சுவர் மட்டும் போதாதா, ஐயா?" என்றான்.