தலைப்பும் முகமும்

புலவர் ஒருவரிடம் ஈற்றடியைக் கொடுத்து, அதில் முடியுமாறு ஒரு வெண்பாப் பாடச் சொல்வது நம் இலக்கிய மரபில் பழைய வழக்கம். சமஸ்யை என்று அதற்குப் பெயர். காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் கதைகளில் பல இவ்வாறு பிறந்தவையே. கேட்பவர் ஒரு கட்டை இடுகிறார். பாடுபவர் அந்தக் கட்டுக்குள் நின்றே தம் விடுதலையைக் காட்டுகிறார். கட்டு இல்லாதிருந்தால் அந்தப் பாடலும் இல்லை.

ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் இதே வழக்கை இன்று நாம் கைக்கொள்கிறோம். பங்குகளிலும் பள்ளிகளிலும் இளையோர் இயக்கங்களிலும் போட்டிகள் வைக்கும்போது "தாய்மை", "உழைப்பு", "வறுமை" என்று தலைப்புக் கொடுக்கிறோம். வந்து சேரும் படங்களையும் நாம் அறிவோம். நடைபாதையில் தட்டேந்திய குழந்தை, சுருக்கம் விழுந்த மூதாட்டியின் முகம், கதிர் அரிவாள் பிடித்த கை. ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. தலைப்பு மனத்தில் நுழைந்தவுடன் ஒரு படமும் கூடவே நுழைந்துவிடுகிறது. பிறகு தெருவில் இறங்குபவர் புதிதாக எதையும் காண்பதில்லை. ஏற்கெனவே கண்டதற்குச் சான்று தேடுகிறார்.

ஆகவே நம் வினா இது: எத்தகைய தூண்டுதல் கலைஞனின் கண்ணைத் திறக்கிறது, எத்தகையது அதை மூடிவிடுகிறது? விடை காண, புகைப்பட வரலாற்றில் நன்கு பதிவான நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

தட்டச்சு செய்த குறிப்புகள்

அமெரிக்க நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கித் தவித்த காலம். நிலமிழந்த உழவர்களுக்கு உதவ அமைக்கப்பட்ட அரசு நிறுவனம் ஒன்றில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துவந்த ராய் ஸ்ட்ரைக்கர் 1935-இல் பொறுப்பேற்றார். 1937-இல் அந்நிறுவனம் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் பெயர் பெற்றது. நாட்டின் நிலையைப் படங்களாகப் பதிவு செய்வது ஸ்ட்ரைக்கரின் பணி. டாரதியா லாங், வாக்கர் எவான்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், ரசல் லீ, கார்ல் மைடன்ஸ் முதலியோர் அவருக்காகப் படமெடுத்தனர். 1943 வரை நடந்த அப்பணியும் அதன் போர்க்காலத் தொடர்ச்சியும் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,75,000 கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

ஸ்ட்ரைக்கர் புகைப்படக்காரர் அல்லர். அவருடைய கருவி தட்டச்சுப் பொறி. தொலைவில் பயணம் செய்யும் படக்காரர்களுக்கு, எதைப் பார்க்க வேண்டும் என்று நீண்ட குறிப்புகளை அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஒரு சிறுநகரின் வாழ்க்கையை நூலாக ஆராய்ந்த ராபர்ட் லிண்ட் என்ற சமூகவியலாளரை 1936-இல் சந்தித்த பிறகு அக்குறிப்புகள் மேலும் கூர்மை பெற்றன. வெவ்வேறு வருவாயுள்ளவர்கள் மாலைப் பொழுதை வீட்டில் எப்படிக் கழிக்கிறார்கள்? அவர்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது? சிறுநகரில் மனிதர்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள்? பணமில்லாதவர்கள் கூட இடம் உண்டா? இந்தப் போக்கில் அவை செல்லும்.

மைடன்ஸ் பருத்தி விளையும் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்ட கதையை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பருத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார் ஸ்ட்ரைக்கர். அதிகமாக எதுவும் தெரியாது என்றார் மைடன்ஸ். பயணம் நின்றது. பருத்தியின் விளைச்சல், விலை, அதைச் சுற்றியுள்ள கடன், அது மண்ணுக்கும் மனிதருக்கும் செய்த தீங்கு ஆகிய அனைத்தையும் ஸ்ட்ரைக்கர் இரவு வரை பேசினார். மறுநாள்தான் மைடன்ஸ் புறப்பட்டார்.

இந்தத் தூண்டுதல்களின் சிறப்பு எங்கே இருக்கிறது? "வறுமையைப் படமெடு" என்று அவை சொல்வதில்லை. "சுவரைப் பார்" என்கின்றன. வறுமை என்பது ஒரு முடிவு. சுவர் ஒரு தொடக்கம். சுவரைப் பார்க்கச் சென்றவர் அங்கே நாள்காட்டியைக் காணலாம், இறந்த மகனின் படத்தைக் காணலாம், கிழிந்த செய்தித்தாளை ஒட்டியதன் பின்னால் ஒரு தாயின் அழகுணர்ச்சியைக் காணலாம். அவர் காணப்போவது என்ன என்பது குறிப்பை எழுதியவருக்கே தெரியாது.

முடிவு முந்திக்கொள்ளும்போது

எனினும் ஸ்ட்ரைக்கரைப் புகழ்ந்து மட்டும் செல்ல இயலாது. தமக்கு ஏற்காத நெகட்டிவ்களில் துளையிட்டு அவற்றைப் பயனற்றவையாக்கும் வழக்கம் தொடக்க ஆண்டுகளில் அவருக்கு இருந்தது. அந்தப் படங்களை இன்று அச்சிட்டால் வயலின் நடுவிலும் மனிதரின் முகத்திலும் வட்டமாக ஓர் இருள் விழுகிறது. தலைப்பு முகத்தை விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

1936-இல் வறட்சியைப் படமெடுக்கச் சென்ற ராத்ஸ்டீன், வெயிலில் வெளுத்துக் கிடந்த ஒரு மாட்டின் மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி, வெடித்த நிலத்தின்மேல் வைத்துப் படமெடுத்தார். அரசை எதிர்த்த பத்திரிகைகள் இதைக் கண்டுபிடித்துப் பொய்ப் பிரசாரம் என்று முழங்கின. வறட்சி மெய், மண்டையோடும் மெய். ஆனால் மனத்தில் முன்னரே முடிந்துவிட்ட ஒரு படத்துக்காக அது இடம்பெயர்ந்தது. 1942-இல், நாடு போரில் இறங்கிய பிறகு, ஸ்ட்ரைக்கரின் குறிப்புகளிலும் இதே நோய் தென்படுகிறது. நாட்டின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாகத் தோன்றும் முகங்கள் வேண்டும், தம் கோப்புகளில் முதுமையும் சோர்வுமே மிகுந்துள்ளன என்று அவர் எழுதினார். அங்கே கேள்வி மறைந்து, கட்டளை வந்துவிட்டது. அந்தக் கட்டளைக்கு மனிதர் தேவையில்லை, நடிகர் போதும்.

பெயர் கேளாத படம்

இத்திட்டத்தின் மிகப் புகழ்பெற்ற படம் டாரதியா லாங் எடுத்தது. 1936 மார்ச்சு மாதம், ஒரு மாத வேலை முடிந்து அவர் கலிபோர்னியாவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்னும் ஊருக்கருகே, பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகை ஒன்றைக் கடந்து சென்றார். ஏறத்தாழ இருபது மைல் தூரம் மனத்தோடு வாதாடியபின் வண்டியைத் திருப்பினார். உறைபனியில் பட்டாணி அழிந்து வேலையின்றிக் கிடந்த அந்த முகாமில், கூடாரத்தின் கீழ்க் குழந்தைகளுடன் அமர்ந்திருந்த ஒரு தாயை அவர் படமெடுத்தார். "புலம்பெயர்ந்த தாய்" என்று உலகம் அறியும் படம் அது. தோளில் முகம் புதைத்த இரு குழந்தைகள், மடியில் ஒரு மழலை, கன்னத்தைத் தொடும் கை. அன்னை மரியாவின் எத்தனையோ ஓவியங்கள் நம் நினைவில் எழுவதால் நாம் உடனே உருகிவிடுகிறோம்.

படம் நன்மை செய்தது. செய்தி வெளியானதும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் வேறிடம் போய்விட்டிருந்தனர். லாங் அவருடைய பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை. தாமே பிற்காலத்தில் அதை எழுதியுமிருக்கிறார். வயது முப்பத்திரண்டு என்பது மட்டும் குறிப்பில் ஏறியது. உணவுக்காக வண்டியின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் லாங் எழுதினார். அப்படி நடக்கவேயில்லை என்று அக்குடும்பத்தினர் பின்னாளில் மறுத்தனர். 1978-இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி பழங்குடியினத்தைச் சேர்ந்தவர் என்பதும் வெளியுலகுக்குத் தெரிந்தன. அந்தப் படத்தால் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் கசந்து பேசினார்.

லாங் இரக்கமற்றவர் அல்லர். இருபது மைல் திரும்பி வந்தவரை அப்படிச் சொல்லலாகாது. எனினும் "தாய்" என்ற சொல் அந்தப் பெண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்துவிட்டது. நாம் வணங்கி நிற்கும் அந்தப் படத்தில், நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மனிதப்பிறவி பெயரின்றி இருந்தார். கலையழகு இந்தக் கடனைத் தீர்த்துவிடாது.

"போய் அவரிடம் பேசு"

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அதே அலுவலகத்தில் நடந்தது. 1942-இல் கார்டன் பார்க்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் வாஷிங்டன் வந்து பணியில் சேர்ந்தார். ஸ்ட்ரைக்கர் அவருக்குக் கொடுத்த முதல் வேலை விந்தையானது: கேமராவை இங்கேயே வைத்துவிட்டு நகரைச் சுற்றி வா, உடை வாங்கு, உணவு உண், திரைப்படம் பார். சென்ற இடங்களிலெல்லாம் பார்க்ஸ் நிறத்தின் பொருட்டு அவமதிக்கப்பட்டுக் கொதித்துத் திரும்பினார். இந்தக் கொடுமையை உடனே படமெடுக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரைக்கர் தலைப்பு எதையும் தரவில்லை. அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, அவரிடம் போய்ப் பேசு என்றார்.

அவர் பெயர் எல்லா வாட்சன். தந்தை வெறிக்கும்பலால் கொல்லப்பட்டவர். கணவர் சுடப்பட்டு இறந்தவர். பேரக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில். கேட்டு முடித்த பார்க்ஸ், நாட்டுக்கொடியின் முன்னே, துடைப்பமும் தரை துடைக்கும் கருவியும் இருபுறம் நிற்க, அவரை நிறுத்திப் படமெடுத்தார். கிராண்ட் வுட் 1930-இல் தீட்டிய "அமெரிக்கன் காத்திக்" ஓவியத்தின் பெயரே இதற்கும் நிலைத்தது. படத்தைக் கண்ட ஸ்ட்ரைக்கர், இது நம் எல்லார் வேலைக்கும் உலை வைத்துவிடும் என்றாராம். ஆனாலும் அவரோடு இன்னும் பழகு, இன்னும் பார் என்று பார்க்ஸைத் திருப்பி அனுப்பினார்.

திறனாய்வாளர் பலரும் கொடிப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது வலிமையான படமே. ஆயினும் அது ஒரு கூற்று. கோபம் முன்னரே எழுதிய வாக்கியத்துக்கு எல்லா வாட்சன் அங்கே எழுவாயாக நிற்கிறார். அதன்பின் வந்த வாரங்களில் எடுக்கப்பட்ட படங்களே உயர்ந்தவை என்பது என் துணிபு. அவற்றில் அவர் அலுவலகத்தைத் துடைக்கிறார். பேரக்குழந்தைகளோடு உணவு மேசையருகே இருக்கிறார். வீட்டாருக்குத் திருவிவிலியம் வாசிக்கிறார். தம் ஆலயத்தில் வழிபடுகிறார். ஒரு படத்தில் படுக்கையறை மேசையின் மேற்பரப்பு மட்டுமே. அதன்மேல் சிலுவை, சுரூபங்கள், மெழுகுதிரிகள். நம் இல்லங்களில் உள்ள சிறு பீடங்களைப் போன்றதே. படவிளக்கங்களில் அவர் பெயர் இருக்கிறது. ஆறு பேரைக் காத்த அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர் என்பதும் இருக்கிறது. இங்கே அவர் எந்தக் கருத்துக்கும் எடுத்துக்காட்டு அல்லர். அவர் எல்லா வாட்சன்.

இஞ்ஞாசியாரின் வினாக்கள்

கண்ணைத் திறக்கும் இந்த முறை நமக்கு அயலானதன்று. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில், புனித லொயோலா இஞ்ஞாசியார் தியானம் செய்வோரை முதலில் இடத்தை மனக்கண்முன் அமைக்கச் சொல்கிறார். கிறிஸ்து பிறப்பின் தியானத்தில் அவர் பெத்லகேம் குகையை வருணிப்பதில்லை. நாசரேத்திலிருந்து வரும் வழி எவ்வளவு நீளம், சமவெளியா மலைப்பாதையா, குகை பெரியதா சிறியதா, தாழ்ந்ததா உயர்ந்ததா என்று கேட்க வைக்கிறார். அத்தோடு தியானம் நடத்துபவருக்கும் ஓர் எச்சரிக்கை: விளக்கத்தைச் சுருக்கமாகத் தர வேண்டும், ஏனெனில் ஒருவர் தாமே கண்டடைவது, பிறர் விரித்துரைப்பதைவிட ஆன்மாவுக்கு மிகுந்த சுவை தரும். தலைப்புக் கொடுக்கும் எவரும் மனத்தில் பதிக்க வேண்டிய விதி இது.

இன்னும் மேலே செல்லலாம். "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று சட்ட அறிஞர் கேட்டது லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. அவர் வேண்டியது ஒரு வரையறை. ஆண்டவரோ ஒரு வழியையும், அதில் அடிபட்டுக் கிடந்தவனையும், கடந்துபோன இருவரையும், நின்ற ஒருவரையும் காட்டிவிட்டு, கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பித் தந்தார். குருவும் லேவியரும் அந்த மனிதனைப் பார்க்காதவர்கள் அல்லர். பார்த்தார்கள், விலகிப் போனார்கள். சமாரியர் பார்த்ததும் அருகே சென்றார். கேமரா ஏந்தியவருக்கும் தூரிகை ஏந்தியவருக்கும் உள்ள சோதனை இவ்விரண்டு பார்வைகளுக்கு இடையில்தான் நிகழ்கிறது.

எனவே நம் போட்டிகளிலும் மலர்களிலும் தலைப்புக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். "உழைப்பு" என்பதற்குப் பதிலாக, "விடியலில் உங்கள் தெருவில் முதலில் கதவு திறப்பவர் யார்?" என்று கேட்போம். "முதுமை" என்பதற்குப் பதிலாக, "உங்கள் பாட்டியின் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்போம். "வறுமை" என்ற தலைப்பை விட்டுவிட்டு, "உங்கள் கோவிலைத் துடைப்பவரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள், கேமராவை மறுநாள் கொண்டுபோகலாம்" என்று சொல்வோம். படத்தின் பின்புறம் அதில் உள்ளவரின் பெயரும், அவர் இசைவு தந்தார் என்ற குறிப்பும் இருக்க வேண்டும் என்று விதி செய்வோம். பெயர் கேட்கத் துணிவில்லாதவர் முகத்தை எடுக்க வேண்டாம்.

அப்போது வரும் படங்கள் ஒருவேளை எண்ணிக்கையில் குறையலாம். சில மங்கலாகவும் இருக்கலாம். ஆனால் பரிசளிப்பு நாளில் அந்தப் படத்தில் உள்ளவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்த நமக்கு வெட்கம் இராது.