இரவல் நியாயங்கள்

அண்மையில் எடிசனில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். சுப்பர்மார்க்கற்றுகளில் வாங்குபவரே ஸ்கான் செய்து காசு கட்டும் இயந்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. காசாளர்களின் எதிர்ப்பை, "லுட்டைட்டுகளின் பிற்போக்கு" என்று தள்ளினார், ஒருகாலத்தில் எமக்கு அரசியல் வகுப்பெடுத்த தோழர். 1811இல் நொட்டிங்ஹாம் பகுதியில் காலுறை பின்னும் இயந்திரங்களை உடைத்தவர்கள், அவ்வியந்திரங்களிலேயே உழைத்துப் பிழைத்தவர்கள். கூலிக் குறைப்பையும் மட்டமான சரக்கையுமே அவர்கள் எதிர்த்தார்கள். தோழர் இதை மறந்துவிட்டார்.

ஆனால் எதிர்ப்பவர்களிடமும் எனக்கொரு கேள்வி உண்டு.

இந்த நாட்டில் எனது முதற் குளிர்காலம் நியூ ஜேர்சிப் பெற்றோல் நிலையம் ஒன்றில் கழிந்தது. இங்கு வாகனக்காரர் தாமே பெற்றோல் அடிப்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனாற்றான் எனக்கு வேலை கிடைத்தது. அது தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை வேறு. ஹக்கென்சாக் பக்கம் ஒருவர் வாடிக்கையாளரே அடித்துக்கொள்ளும் நிலையம் திறந்து விலையைக் குறைத்தார். போட்டி உரிமையாளர்கள் சட்டமன்றத்தை நெருக்கினார்கள். வெளியே சொல்லப்பட்ட காரணம் தீவிபத்து. குளிரில் குழாயைப் பிடித்து நிற்பவனைப் பற்றிய கரிசனையில் பிறந்த சட்டமல்ல அது.

கலிபோர்னியாவில் தொழிற்சங்கமே களத்தில் நின்றது. 2011இல் இவ்வியந்திரங்கள் வழியாக மது விற்பதைத் தடைசெய்யும் சட்டம் சங்கத்தின் ஆதரவோடு நிறைவேறியது. முன்வைத்த காரணம், சிறுவர் கைக்கு மது போகக்கூடாது என்பது. 2025இல் லோங் பீச் நகரசபை மூன்று இயந்திரங்களுக்கு ஒரு பணியாளர் வேண்டுமென விதித்தது. அங்கும் முன்னே நின்றவை களவும் பாதுகாப்பும்.

இவற்றை நான் ஏளனஞ் செய்யவில்லை. இவற்றால் பலரின் அடுப்பு எரிகிறது. ஆனால் "என் வேலையிடத்துக்கு எந்த இயந்திரம், எந்த நிபந்தனையில் வரவேண்டும் என்பதில் எனக்கும் சொல் உண்டு" என்று தொழிலாளி தன் பெயரில் பேசியதாக இவற்றில் எதுவும் இல்லை. நெருப்பின் பெயரில், சிறுவரின் பெயரில், கள்வரின் பெயரிலேயே பேச்சு நடந்திருக்கிறது. இரவல் நியாயத்துக்கு ஆயுள் குறைவு. ஒரேகனில் 1951 முதல் இருந்த இதேபோன்ற பெற்றோல் தடை 2023இல் தளர்த்தப்பட்டது. தீப்பயம் காட்டி எவரையும் அங்கு மறிக்க முடியவில்லை. நாளை இயந்திரமே வயதைச் சரிபார்த்தால், கமெராவே களவைப் பிடித்தால், காசாளர் எதைச் சொல்லி நிற்பார்?

எமக்காகப் பிறர் பேசுவதன் விலையை அகதிகளான நாம் அறிவோம். தோழர் இதற்கு மறுப்பு எழுதவேண்டும்.