அப்புக்காத்தும் அயலவரும்

சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றித் தமிழில் எழுந்தவற்றுட் பல வாழ்த்துப்பாக்களே. அப்புக்காத்தாகத் தொழில் தொடங்கிய அவர், மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் மறைந்ததும், இருபத்தெட்டாம் வயதிற் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். 'பிரதிநிதி' என்னும் இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அதே நூற்றாண்டில், அமெரிக்காவில் வழக்கறிஞரொருவர் சட்டமன்றம் புக விரும்பின் வாக்காளரின் படலையில் நின்று கேட்கவேண்டியிருந்தது. (அங்கும் பெரும்பாலான பெண்களுக்கு வாக்கில்லை என்பது வேறு கதை.) இராமநாதனுக்கோ தேசாதிபதியின் நியமனமே போதுமாயிற்று. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ எவரும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை.

இவ்வாறு அமர்ந்தவர் 1885இற் சபையிலும், 1888இல் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையிலும், சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறானோர் என்று வாதித்தார். 'இலங்கைச் சோனகரின் இனவியல்' என்னும் அக்கட்டுரை ஆராய்ச்சியின் உடையணிந்த வழக்குரை. மொழி, வழக்கம், உடலமைப்பு, வரலாறு எனச் சான்றுகளை நிரல்பட நிறுத்தும் திறமை வியக்கத்தக்கது. ஆயினும் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது எழுந்துகொண்டிருந்த வேளையில், அக்கேள்விக்கு அது என்ன விடை தந்தது? 'நீங்கள் எம்மவர், உங்களுக்காகப் பேச நாமுளோம்' என்பதே அதன் உட்பொருள். அரசாங்கம் 1889இல் எம். சி. அப்துல் ரகுமானை நியமித்தது. 1907இல் மறுப்பு நூல் எழுதிய ஐ. எல். எம். அப்துல் அஸீசும் அரபு வமிசம் என்னும் பிறப்புச் சான்றிலேயே காலூன்றினார்.

ஒப்புமை பொய்யன்று. எம் பகுதியில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியே வருகிறது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வதும் பொதுவழக்கு. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவழியே தெரியப்படுவர். ஆனால் கோயிலார் மரைக்காயரைத் தெரிவதுமில்லை; பள்ளிவாசலார் வண்ணக்கரைத் தெரிவதுமில்லை. ஒத்திருப்பவர் என்பதனால் ஒருவருக்காக மற்றவர் வாய்திறக்கலாம் என்ற முடிவுக்கு எங்கள் வயற்காரன் வரவில்லை. சென்னையும் கொழும்பும் கற்பியாத இந்நாகரிகம் அவனிடம் இருந்தது.

1990இற் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தத்துக்கு ஒரு கட்டுரையைக் காரணமாக்குவது அறிவீனம். எனினும், அயலவனைக் கேளாமலே அவன் யாரென்று தீர்ப்பளிக்கும் பழக்கம் எம் மேடைகளில் நெடுங்காலம் நிலைத்தது.

இராமநாதனின் நெஞ்சுரத்தை மறுப்பதற்கில்லை. 1915இல் இராணுவச் சட்டத்தின் கொடுமையைச் சபையிற் கண்டித்தார். மறுவருடம் நூலாகவும் வெளியிட்டார். கலகத்தில் அடிபட்ட சோனகரோ அதனைத் தமக்கெதிரான இன்னொரு வழக்குரையாகவே கேட்டனர். 1911இற் படித்த இலங்கையருக்கான தொகுதியில் வென்றபோது அவரைத் தெரிந்தோர் சில ஆயிரம் பேர். அந்த எல்லையே அவருக்கு உவப்பாயிருந்தது போலும்! 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, அதனைக் கடுமையாக எதிர்த்தார்.

1930இல் அவர் மறைந்தார். 1931இல் யாழ்ப்பாணத்துத் தொகுதிகள் தேர்தலைப் புறக்கணித்தன. மட்டக்களப்பு தெற்கு, தமிழரும் முஸ்லிம்களும் ஆணும் பெண்ணுமாக வாக்களித்து, மொகமட் மக்கான் மாக்காரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.