ஆர்வத்தை எண்ணுவது எப்படி?

எங்க தெருவுக்கு ஃபைபர் கேட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். "இன்னும் நாலு வீடு சேர்த்துக் குடுங்க சார், இழுத்துடலாம்" என்பதுதான் எப்போதும் பதில். நியாயம்தானே என்று நினைத்திருந்தேன், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி கதையைப் படிக்கும்வரை.

2012 ஜூலையில் கூகுள் ஃபைபர் அந்த ஊரை 202 வட்டாரங்களாகப் பிரித்தது. வீட்டுக்கு 10 டாலர் கட்டி முன்பதிவு செய்யணும். வட்டாரத்தைப் பொறுத்து 5 முதல் 25 சதவீத வீடுகள் சேர்ந்தால்தான் கேபிள் வரும். செப்டம்பர் 9 கெடு. எங்கே ஆர்வமோ அங்கே முதலில் என்பது கணக்கு.

வசதியான பகுதிகள் சீக்கிரமே இலக்கைத் தொட்டன. ட்ரூஸ்ட் அவென்யூ அந்த ஊரில் வெள்ளையர் பகுதியையும் கறுப்பினத்தவர் பகுதியையும் நெடுங்காலம் பிரித்த சாலை. அதற்குக் கிழக்கே பல வட்டாரங்கள் பின்தங்கின. ஆர்வம் இல்லாமலா? பதிவு செய்யவே இணையம் வேணும், மின்னஞ்சல் வேணும், கிரெடிட் கார்டு வேணும். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய பிறகே அங்கே பல இடங்களில் எண்ணிக்கை ஏறியது.

புரோகிராம் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இது அளவீட்டுப் பிழை. எண்ண நினைத்தது ஆர்வத்தை. எண்ணியது கிரெடிட் கார்டை. இணையம் இல்லாதவர்களை இணையம் வழியாக எண்ணினால் வேறென்ன வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்க தெருவில் பதிவு செய்யாத வீடுகளுக்குப் போனேன். பெரும்பாலும் வாடகைக் குடித்தனங்கள். "முன்பணம் கட்டினப்புறம் ஓனர் காலி பண்ணச் சொன்னா என்ன சார் செய்யிறது?" என்றார் ஒருவர். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.