ஒரே கூரை, இரண்டு புரொஜெக்டர்கள்: மதுரை வட்டாரத் திரையிடல் முறையும் கா. சிவத்தம்பியின் சமத்துவக் கருத்தும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ச் சமூகம் சாதி, தகுதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளம் திரையரங்கே என்பது பேராசிரியர் கா. சிவத்தம்பியின் புகழ்பெற்ற கருத்து. இருக்கையை முன்னிறுத்தும் அக்கருத்தைப் படம் காட்டும் கருவியின் பக்கமிருந்து இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. மதுரை நகரின் நிலையான அரங்குகள் இரண்டு புரொஜெக்டர்களைக் கொண்டு இடையறாது படம் காட்டின. சுற்றுப்புறச் சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகள் பல, ஒற்றைப் புரொஜெக்டரைக் கொண்டு படத்தைத் துண்டு துண்டாகக் காட்டின. ஆகவே இரு தரப்பாரும் பார்த்தது ஒரே படம்தானா என்னும் வினா எழுகிறது.

திறவுச்சொற்கள்: திரையிடல், புரொஜெக்டர், டூரிங் டாக்கீஸ், சுருள், மதுரை, கா. சிவத்தம்பி.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வு கதை, வசனம், பாடல், நடிகர், அரசியல் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளது. பார்வையாளரையும் அது புறக்கணிக்கவில்லை. மதுரை நகர்ப்புற ஏழை மக்களின் திரைப்பட ஈடுபாட்டை ஆராய்ந்து சாரா டிக்கி எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. ஆயினும் படத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே நின்ற கருவி, அதாவது ஆபரேட்டர் அறைக்குள் இருந்த புரொஜெக்டர், ஆய்வுப் பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டது. ஓலைச்சுவடியை ஆராய்பவர் ஏட்டின் அளவையும் எழுத்தாணியின் போக்கையும் கணக்கில் கொள்கிறார். திரைப்படத்தை ஆராய்பவரோ படச்சுருளின் நீளத்தைக் கணக்கில் கொள்வதில்லை. இந்த விடுபடல் சிறிய ஒன்றன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சுருளின் கணக்கு

35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் உள்ளன. ஒலிப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவதால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி செலவாகிறது. எனவே மூன்று மணி நேரப் படம் ஒன்றின் நீளம் 16,200 அடி. 1,000 அடிச் சுருள் சற்றேறக்குறைய 11 நிமிடங்கள் ஓடும். 2,000 அடிச் சுருள் 22 நிமிடங்கள் ஓடும். 2,000 அடிச் சுருள்களில் அப்படத்தைச் சுற்றினால் ஒன்பது சுருள்கள் தேவை. அவற்றுக்கிடையே எட்டு இணைப்புகள் வரும்.

இந்த இணைப்புகளை மறைக்கவே இரண்டாவது புரொஜெக்டர் தேவைப்பட்டது. முதற்கருவியில் ஒரு சுருள் முடியும் தறுவாயில் சட்டகத்தின் வலது மேல் மூலையில் ஒரு சிறு குறி தோன்றும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாம் கருவியின் மோட்டாரை இயக்குவார். ஏறத்தாழ ஏழு நொடிகள் கழித்து இரண்டாம் குறி தோன்றும். அந்தக் கணத்தில் ஒரு கருவியின் ஒளி அடைபட, மற்றதன் ஒளி திறக்கும். கார்பன் குச்சிகள் எரிந்து ஒளி தந்த காலத்தில் இரு கருவிகளின் வெளிச்சமும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. இதனைத் தொழில் வழக்கில் ‘சேஞ்ச் ஓவர்’ என்பர். இது செவ்வையாக நடந்தால் அரங்கில் எவரும் அறியார். பிசகினாலோ அரங்கம் முழுவதும் ஆபரேட்டரை நோக்கிக் கூச்சலிடும். தன் திறன் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதையே இலக்காகக் கொண்ட தொழில் இது.

1952: இருவகை ஒட்டுதல்

1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் ‘சினிராமா’ அறிமுகமானது. பிரெட் வாலர் வகுத்த இம்முறையில் மூன்று புரொஜெக்டர்கள் ஒருசேர இயங்கி, 146 பாகை வளைந்த திரையில் மூன்று பிம்பங்களை அடுத்தடுத்து வீழ்த்தின. பிம்பங்கள் கூடும் விளிம்பு தெரியாதிருக்க, கருவியின் வாயிலில் பற்கள் கொண்ட சிறு தகடுகள் விரைந்து அசைந்தன. அவ்வாறு செய்தும் ஒட்டிய கோடு முற்றிலும் மறையவில்லை.

பதினேழு நாட்கள் கழித்து, அக்டோபர் 17 தீபாவளியன்று, ‘பராசக்தி’ வெளியானது. மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் எழுந்த தங்கம் திரையரங்கு அப்படத்தோடுதான் திறக்கப்பட்டது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டிருந்த அவ்வரங்கு ஆசியாவிலேயே பெரியது என மதுரை மக்கள் பெருமைப்பட்டுக்கொண்டனர்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. பல புரொஜெக்டர் அமைப்பு என்றதும் தொழில்நுட்ப வரலாறு சினிராமாவையும், அதற்கு முன் 1927இல் ஆபெல் கான்ஸ் தம் ‘நெப்போலியன்’ படத்துக்கு வகுத்த முத்திரை அமைப்பையும் சுட்டும். அவை பிம்பங்களை இடத்தில் ஒட்டியவை. நிலையான அரங்குகளின் இரட்டைக் கருவியோ பிம்பங்களைக் காலத்தில் ஒட்டியது. முன்னது வியப்பாகக் காட்டப்பட்டது, பின்னது மறைக்கப்பட்டது. அன்றாடம் கோடிக்கணக்கானோர் படம் பார்த்த அனுபவத்தை உருவாக்கியது பின்னதே ஆயினும், புதுமை என்ற பெயரை வரலாறு முன்னதற்கே வழங்கியது.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘ப்வானா டெவில்’ என்னும் முப்பரிமாணப் படம் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக இரு சுருள்கள் இரு கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஓடின. அடுத்த சுருளை ஏற்றி வைக்க ஓய்ந்த கருவி எதுவுமில்லை. எனவே பெரிய சுருள்களைப் பயன்படுத்தியும் படத்தை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு கருவிகளை இடத்துக்குச் செலவிட்ட அரங்கு, காலத்தைப் பொறுத்தவரை ஒற்றைக் கருவிக் கொட்டகையாகிவிட்டது.

கொட்டகையின் காலம்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரச் சிற்றூர்கள் படம் பார்த்த களம் டூரிங் டாக்கீஸ். 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1957இல் வகுக்கப்பட்ட விதிகளும் நிலையான அரங்கை ஒரு வகையாகவும் டூரிங் கொட்டகையை வேறொரு வகையாகவும் நடத்தின. ஓரிடத்தில் நிலைத்திருக்க உரிமையில்லாத தொழிலில் இரண்டாம் கருவிக்கு முதலீடு செய்வது எளிதன்று. ஆகவே பல கொட்டகைகள் ஒற்றைப் புரொஜெக்டரோடே இயங்கின. சுருள் தீர்ந்ததும் விளக்கு எரியும். அடுத்த சுருள் ஏறும்வரை கூட்டம் காத்திருக்கும். நகரத்து அரங்கில் ஓர் இடைவேளை. கொட்டகையில் சுருளின் அளவைப் பொறுத்து மூன்று, நான்கு, அதற்கு மேலும்.

இங்குதான் சிவத்தம்பியின் கருத்து மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், திரையரங்கில் இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பால் வந்த தகுதியன்று, நுழைவுச்சீட்டு வாங்கும் ஆற்றலே என்று அவர் காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவு பணத்தின் பிரிவாகவே இருந்தது என்ற அளவில் அக்கருத்து வலிமையானது. கோயில் மண்டபத்தோடும் ஊர்ப் பொதுவிடங்களோடும் ஒப்பிட்டால் அம்மாற்றத்தின் பெருமையை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் கூரைக்குள் எங்கே அமர்ந்தார்கள் என்பதை மட்டும் அக்கருத்து வினவுகிறது. கூரைக்குள் என்ன வந்து சேர்ந்தது என்பதை வினவவில்லை. தங்கத்தில் தரை வகுப்பில் அமர்ந்தவரும் மாடியில் அமர்ந்தவரும் ஒரே இடையறாத படத்தைக் கண்டனர். கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்தவரும் நாற்காலியில் அமர்ந்தவரும் ஒரே துண்டுபட்ட படத்தைக் கண்டனர். ஒவ்வொரு கூரையின் உள்ளும் சமத்துவம் இருந்தது. இரு கூரைகளுக்கு இடையே அது இல்லை. திரைப்படம் ஒரே செய்தியைத் தமிழகம் முழுவதற்கும் கொண்டுசேர்த்த சாதனம் என்னும் முடிவு, இந்த வேறுபாட்டைக் கடந்தே நிறுவப்பட வேண்டும்.

இரு மறுப்புகள்

முதலாவதாக, இடைவெளியைக் குறைபாடாக மட்டுமே கருதலாகாது எனலாம். விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இடைநிறுத்தம் புதிதன்று. கொட்டகையின் இடைவெளிகளில் முறுக்கும் கடலையும் விற்றன. வரப்போகும் காட்சியைப் பற்றி வாதம் நடந்தது. இது உண்மையே. எனினும் கூத்தில் எங்கே நிறுத்துவது என்பதைக் கலைஞர் தீர்மானித்தார். கொட்டகையில் அதைச் சுருளின் நீளம் தீர்மானித்தது.

இரண்டாவதாக, தமிழ்ப்படங்களின் துண்டுத்துண்டான கதையமைப்பு கூத்து, கம்பெனி நாடகம் ஆகியவற்றின் மரபுப்பேறு என்று விளக்கப்படுவதுண்டு. அவ்விளக்கத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. சுருளே கதையமைப்பைப் படைத்தது என்றும் சொல்லவில்லை. அதே அளவுச் சுருள்களைக் கொண்டே ஹாலிவுட் வேறு வகைக் கதைகளை அமைத்தது. ஆனால் சுருளின் இறுதியில் முக்கிய வசனமோ பாடலின் நடுப்பகுதியோ வராமல் பார்த்துக்கொள்வது படத்தொகுப்பாளரின் வழக்கமாக இருந்தது. ஒலித்தடம் பிம்பத்தைவிட ஏறத்தாழ 20 சட்டகங்கள் முன்னே இருப்பதால் இணைப்பில் சொல் அறுபடக்கூடும். எனவே மரபோடு சுருளும் ஒரு காரணியாகச் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

இதனைச் சோதித்தறியவும் இயலும். ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி ஒரே சுருளுக்குள் அடங்கியதா, இரு சுருள்களில் பிரிந்ததா? அடங்கியிருப்பின் சிற்றூரார் அப்பேச்சை முழுமையாகக் கேட்டிருப்பர். பிரிந்திருப்பின், புகழ்பெற்ற அப்பேச்சின் நடுவே விளக்கு எரிந்திருக்கும். அரசியல் தொடர்பு பற்றிய ஆய்வுக்கு இவ்வினா புறம்பானதன்று.

ஒற்றைக் கருவியின் வெற்றி

பின்னாளில் வெற்றி பெற்ற புதுமைகள் பலவும் கருவியைப் பெருக்காமல், ஒரே கருவிக்குள் ஒளியின் வழியை மாற்றியவை. சினிராமாவின் அகலத்தை ஒரே புரொஜெக்டரில், விரிக்கும் வில்லையால் தந்தது சினிமாஸ்கோப். அம்முறையில் வந்த முதல் தமிழ்ப்படம் ‘இராஜராஜ சோழன்’ (1973). 1984இல் வெளியான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் மலையாள முப்பரிமாணப் படம், இரு கண்களுக்குரிய பிம்பங்களையும் ஒரே சுருளில் தாங்கி வந்தது. புரொஜெக்டரின் வில்லை அவற்றை இரு வழிகளில் செலுத்தித் திரையில் ஒன்றுசேர்த்தது. ‘ப்வானா டெவில்’ இரு கருவிகளைக் கேட்டது. இம்முறைக்கு ஒன்றே போதும். எளிய அரங்கையும் எட்டியது என்பதே இவ்வகைப் புதுமையின் சமூகப் பொருள்.

முடிவுரை

இன்று கோப்பாக வரும் படம் சர்வரிலிருந்து ஒரே டிஜிட்டல் புரொஜெக்டர் வழியே இடையறாது ஓடுகிறது. நகருக்கும் சிற்றூருக்கும் இடையே இருந்த அந்தக் கால வேறுபாடு நீங்கிவிட்டது. ஆனால் அது நீங்கும்போது டூரிங் கொட்டகைகளும் பெரும்பாலும் இல்லை; தங்கம் அரங்கும் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் துணிக்கடை எழுந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்கள் முதிய ஆபரேட்டர்கள். நடிகரின் நினைவுகளைத் தொகுத்த அளவுக்கு அவர்களின் தொழிலறிவை நாம் தொகுக்கவில்லை. எத்தனை அடிச் சுருள், எத்தனை இடைவெளி, எங்கே நிறுத்தினார்கள் ஆகிய விவரங்கள் அவர்களிடமே உள்ளன.

வேறொரு சான்றும் உண்டு. திரையரங்கப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய தமிழ்ப்படங்களை இணையத்தில் காணும்போது, வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னி மறைவதைக் கவனிக்கலாம். அந்த இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொண்டால் படத்தின் சுருள் எல்லைகள் கிடைத்துவிடும். அந்த அட்டவணையை ஆபரேட்டர்களின் வாய்மொழியோடு ஒப்பிட்டால், சிற்றூர் எந்தக் காட்சியில் காத்திருந்தது என்பது தெரியவரும். ஒரே கூரை என்னும் கருத்தை ஏற்பதற்கோ திருத்துவதற்கோ அந்த அட்டவணையே முதல் தேவை.